ஊரணிக் காவலும் சித்தப்பாவின் காலும்

நரம்புச் சிலந்தி என்று நான் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சுவரில் வலை பின்னும் பூச்சியைத் தேடுகிறார்கள். அப்படி ஒரு நோய் இருந்ததே அவர்களுக்குத் தெரியாமல் போனதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் புரியாது. நான் சிறுமியாக இருந்த சமஸ்தான காலத்தில், கீரமங்கலத்துக்கு மேற்கே இருந்த எங்கள் ஊரில், கோடை வந்தால் வீட்டுக்கு ஒருவராவது காலை நீட்டிக்கொண்டு கிடப்பார்கள். கணுக்காலில் ஒரு கொப்புளம் வரும். அது உடைந்தால் வெள்ளை நூல் போல ஒரு புழு தலை நீட்டும். அதை ஒரு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல், நாளுக்குக் கொஞ்சமாக வெளியே இழுக்க வேண்டும். எரிச்சல் தாங்காமல் எல்லோரும் காலைக் கொண்டுபோய் வைப்பது ஊரணியில்தான். ஊரே குடிப்பதும் அந்த ஊரணித் தண்ணீரைத்தான்.

இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எங்களுக்குச் சொன்னவர் பள்ளிக்கூடத்து வாத்தியார். காலிலிருக்கும் புழு தண்ணீரில் குஞ்சு விடுகிறது, அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் காலில் மறுவருஷம் அது கொப்புளமாக வருகிறது என்றார். துணியை மடித்துப் போட்டு வடிகட்டிக் குடிக்கச் சொன்னார். நாங்கள் வீட்டில் போய் ஒப்பித்தோம். எங்கள் நச்சரிப்புத் தாங்காமல் அம்மாக்கள் பானை வாயில் துணி கட்டினார்கள். ஆனால் புண்காலோடு ஊரணியில் இறங்குகிற பெரியவர்களை யார் தடுப்பது? வாத்தியாரே ஒருவரைத் தடுக்கப் போய், அவர் தள்ளிவிட்டதில் சேற்றில் உட்கார்ந்து எழுந்து வந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் ஊரணிக் காவல் என்று ஒன்றை ஏற்பாடு செய்தார். பள்ளிக்கூடம் ஊரணிக் கரையிலேயே இருந்தது. மத்தியான இடைவேளையில் இரண்டு இரண்டு பிள்ளைகளாகப் படித்துறையில் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் வகுப்பில் ஒத்திகை நடந்தது. ஒருவர் பிடிவாதக்காரப் பெரியவர், இன்னொருவர் காவல். எல்லோருக்கும் பெரியவராக இருக்கத்தான் ஆசை. என் சிநேகிதி ஒருத்தி இடுப்பில் கைவைத்து, இது என்ன ஒங்கப்பன் வெட்டுன ஊரணியா என்று கேட்டதில் வாத்தியாரே சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்:

"தண்ணியில எறங்காதீங்கன்னு எடுத்த எடுப்புல சொல்லக்கூடாது. நானும் அப்படித்தான் சொல்லிச் சேத்துல விழுந்தேன். முதல்ல மொறை சொல்லிக் கூப்பிடணும். மாமான்னா மாமா, சின்னாத்தான்னா சின்னாத்தா. பெறகு கால் எப்படியிருக்குன்னு கேக்கணும். அதுக்கப்புறம் தண்ணிய நீங்களே மொண்டுபோய் ஊத்தணும். அவங்களுக்கு வேண்டியது தண்ணி. ஊரணி இல்ல."

எனக்கு இதில் ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவரை முறை சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று உத்தரவு. அவர் என் அப்பாவின் உடன்பிறந்த தம்பி. இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு. தண்ணீர் இறைக்கும் முறையில் தகராறு வந்து, அப்பாவின் நாளில் சித்தப்பா மாடு பூட்டிவிட்டார் என்று ஆரம்பித்து, முற்றத்தின் நடுவே மண்சுவர் எழும்பியதில் முடிந்திருந்தது. அதற்கு முன்பு என்னைத் தோளில் தூக்கிச் சந்தைக்குக் கொண்டுபோனவர் அவர்தான். சுவர் எழும்பிய பிறகு வழியில் பார்த்தால் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்தேன்.

அந்த வருஷம் சித்தப்பாவுக்குக் காலில் சிலந்தி கண்டது. சித்தி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். சுவருக்கு அப்பாலிருந்து அவர் முனகுவது எங்களுக்குக் கேட்கும். அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்பாள். பிறகு மறுபடியும் ஊதுவாள்.

என் காவல் நாளன்று வெயில் மண்டையைப் பிளந்தது. சித்தப்பா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, துணி சுற்றிய காலை இழுத்து இழுத்துக் கரையேறி வந்தார். கூட நின்ற சிநேகிதி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மரத்துக்குப் பின்னால் போய்விட்டாள். அவர் என்னைப் பார்க்கவில்லை. முதல் படியில் கம்பை வைத்துவிட்டார். அப்பா சொன்னது ஒரு பக்கம், வாத்தியார் சொன்னது ஒரு பக்கம்.

"சித்தப்பா" என்றேன்.

அவர் நின்றார். திரும்பிப் பார்க்க வெகுநேரம் ஆயிற்று.

"கால் எப்படி இருக்கு சித்தப்பா?"

நான் பாடத்தை விட்டுவிடாமல், அங்கிட்டு மரத்தடியில் ஒக்காருங்க, நான் தண்ணி கொண்டாரேன் என்றேன். பிடிவாதக்காரப் பெரியவர் இந்த இடத்தில் திட்ட வேண்டும். அவர் திட்டவில்லை. சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்து காலை நீட்டினார். நான் பள்ளிக்கூடத்துச் செம்பில் மொண்டு, தண்ணீர் ஊரணிக்குத் திரும்பாதபடி கரையின் வெளிப்பக்கமாக ஊற்றினேன். சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வலி அதிகம்போல என்று நினைத்து நான் இன்னும் மெதுவாக ஊற்றினேன்.

சேதி எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போயிருந்தது. ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

"அவன்கிட்டப் பேசச் சொல்லி யாரு சொன்னா?"

"வாத்தியார்."

"பாடமா?"

"பாடந்தான்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பாடம் என்றால் படித்துத்தானே ஆகவேண்டும் என்றார் கடைசியில். வாத்தியார் மேல் அப்பாவுக்கு இத்தனை மரியாதையா என்று எனக்கு ஆச்சரியம். மறுநாள் அம்மா பழைய வேட்டியைக் கிழித்து, வெந்நீரில் அலசிக் காயவைத்து, இதுவும் பாடந்தான் என்று என் கையில் கொடுத்தனுப்பினாள். அந்த வாரமே அப்பா சித்தப்பாவின் கேழ்வரகுக்கும் தண்ணீர் இறைத்தார். மாடுகள் சும்மா நின்றால் கால் பிடித்துக்கொள்ளும் என்று யாரும் கேட்காமலே எங்களிடம் காரணம் சொன்னார்.

அதன்பின் மத்தியானந்தோறும் சித்தப்பா வந்தார். என் முறை இல்லாத நாளிலும் வாத்தியார் என்னைத்தான் அனுப்பினார். புழு முழுசாக வெளியே வந்தது. புண் ஆறித் தோல் மூடியது. சித்தி கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். அந்த வாத்தியாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அவர் வண்டியேறிய அன்று நான் சும்மா கையாட்டினேன். நன்றி என்று ஒன்று சொல்ல வேண்டும் என்பது அந்த வயசில் தோன்றவில்லை. இன்றைக்குத் தோன்றாத நாள் இல்லை.

அவர் போன பிறகும் சித்தப்பா மத்தியானத்தில் ஊரணிக்கரைக்கு வந்துகொண்டிருந்தார். கம்பு இல்லை, நொண்டல் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து, எங்கே ஊத்து பாப்பம் என்று காலை நீட்டுவார். தழும்பைத் தவிர அந்தக் காலில் ஒன்றுமே இல்லை. அப்படியும் எரிகிறதென்றால் உள்ளுக்குள் இன்னும் ஏதோ நோய் பாக்கியிருக்கிறது, பாவம், வெளியே சொல்லமாட்டேன் என்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் கால் எப்படி இருக்கு சித்தப்பா என்று கேட்டுக் கேட்டு ஊற்றினேன்.