அம்மா முகர்ந்த தண்ணீர்

பொன்னேரி வீட்டில் இன்று குடிநீர்க் கேனைத் திறந்ததும் டீசல் வாடை மெலிதாக எழுந்து, என்னைச் சிறுவயதில் வாழ்ந்த பழவேற்காட்டுக்கு இட்டுச்சென்றது. அங்கே படகுக்கு டீசலும் வீட்டுக்குத் தண்ணீரும் ஒரே வகைக் கேன்களில்தான் வரும். ஒருநாள், நாங்கள் நைனா என்று கூப்பிடும் என் தந்தை, கேன் மாறி டீசல் கேனில் தண்ணீர் பிடித்துவந்துவிட்டார். தங்கை வாயருகே கொண்டுபோன டம்ளரை, வாடை உணர்ந்த அம்மா பாய்ந்து தட்டிவிட்டாள்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா நான் இன்னா பண்றது?" என்றார் நைனா.

"படகு குடிக்கறத புள்ள குடிக்குமாய்யா?" என்றாள் அம்மா.

அன்றுமுதல் அவள் முகர்ந்து பாராத தண்ணீர் எங்கள் குடத்தில் இறங்கியதில்லை. தெருப் பெண்களும் தங்கள் கேன்களை அவளிடமே நீட்டினார்கள்.

இன்றைய கேனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"யாருமே சொல்லலக்கா. இன்னா மூக்குக்கா உனக்கு!" என்று சலித்துக்கொண்டார் கேன் போடுபவர்.

"எங்கம்மா மூக்குப்பா" என்றேன்.