டெல்பர்ட் சுற்றிவந்த மேப்பிள் மரம்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் இந்த ஊரில் நீங்கள் நடக்கிற நடைபாதையில் பாதி என் கையால் போட்டது. ஒன்றிலும் விரிசல் கிடையாது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அந்த நடைபாதைகளில் முப்பத்தொரு வருஷம் தபால் பை சுமந்து நடந்தவர் டெல்பர்ட் ஹப், என் பக்கத்து வீட்டுக்காரர். அவரைப் பற்றி எழுத வேறு யாரும் மெனக்கெட மாட்டார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

நாய் கடித்த காலோடு மிச்ச வீடுகளுக்கும் தபாலைக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போன மனிதர் அவர். ஓய்வு பெற்ற ஆறாம் வருஷம் மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு மகள் பேர், பிறகு மனைவி லொரீன்.

"யாரும்மா நீங்க? நல்லா சமைக்கிறீங்களே" என்பார் அவளிடம்.

"நாப்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் வாயத் தொறந்து சொல்றாரு" என்று லொரீன் எங்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்த கையோடு உள்ளே போய்விடுவாள்.

கால்கள் மட்டும் எதையும் மறக்கவில்லை. காலை ஒன்பது மணிக்குச் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுவார். புறக்கடையின் கோடியில் ஒரு பெரிய மேப்பிள் மரம். அதுவரை போவார், பட்டையில் உள்ளங்கையை வைப்பார், ஒரு சுற்று சுற்றித் திரும்பி வருவார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. மரத்தைத் தாண்டி ஓர் அடி வைத்ததில்லை. தாண்டினால் ஒரு சந்து, அப்புறம் நெடுஞ்சாலை, அப்புறம் ஆறு. வெளியே அலைய ஆரம்பித்தால் முதியோர் இல்லத்தில்தான் விட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லொரீன் அவரை வீட்டோடு வைத்திருந்தது அந்த மரத்தின் தயவில்.

பிப்ரவரியில் பனிக்கட்டி மழை பெய்து, கிளைகளில் உறைந்த பாரம் தாங்காமல் மரத்தின் பாதி பிளந்து விழுந்தது. மீதிப் பாதி சமையலறைக் கூரைப் பக்கம் சாய்ந்து நின்றது.

மரம் வெட்டுகிற மார்லின் வந்து, அடிமரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டான்.

"வெட்டணும்னு மட்டும் பேசாத. உள்ள இருக்கறது என் சிமெண்ட்" என்றேன்.

முப்பது வருஷத்துக்கு முன் அதில் பொந்து விழுந்தபோது, பதினோரு மூட்டை சிமெண்ட் குழைத்து அடைத்தவன் நான். அந்தக் காலத்தில் பொந்துக்கு அதுதான் வைத்தியம். கரண்டியால் நீவி என் பேரையும் வருஷத்தையும் எழுதியிருந்தேன். வருகிறவர்களை எல்லாம் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன்.

"நீங்க போட்டதா பெரியவரே?" மார்லின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "மரம் காத்துக்கு ஆடும், சிமெண்ட் ஆடாது. நடுவுல தண்ணி எறங்கி, சுத்தி எல்லாம் அழுகிடுச்சு. இப்ப நிக்கிறது மூணு விரல் கனத்துக்கு வெறும் ஓடு."

"கம்பி விட்டு முடுக்கு. நான் முட்டுக் குடுக்கறேன்."

"முடுக்க நல்ல மரம் வேணுமே. உங்க சிமெண்டையா முடுக்கறது?"

"ராய்ஸ், நீ கொஞ்சம் சும்மா இருப்பா" என்றாள் லொரீன். "விழுமா தம்பி?"

"விழுந்துரும்மா. இன்னைக்கா, ஏப்ரல் காத்துலயான்னுதான் தெரியாது."

அப்போது டெல்பர்ட் எங்களைத் தாண்டி நடந்து, பட்டையில் கை வைத்து, சுற்றி, திரும்பிப் போனார். அவர் தலைக்கு நான்கு அடி மேலே முறிந்த கிளை தொங்கிக்கொண்டிருந்தது.

"விட்டா அவர் மேல விழும். எடுத்தா அவரு போயிடுவாரு" என்றாள் லொரீன். அவர் சமையலறைக் கதவுக்குள் நுழைகிறவரை பார்த்துவிட்டு, "எடுத்துருப்பா. நசுங்கிச் சாக வேணாம்" என்றாள்.

மரத்தை அறுத்து எடுத்தார்கள். சிமெண்ட் மட்டும் மார் உயரத்துக்கு, பொந்தின் வடிவத்தில், தனியாக நின்றது. ரம்பத்துக்கு அது மசியவில்லை.

"இது நிக்கட்டும் லொரீன். இதையே சுத்திட்டு வருவாரு பாரு" என்றேன். அவளும் நம்பினாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு டெல்பர்ட் வந்தார். சிமெண்டில் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"இந்த வீட்ல யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டு, நேரே சந்துக்குள் நடந்தார்.

ஓடிப்போய் அழைத்து வந்தேன். இரண்டே நாளில் வேலியும் கேட்டும் போட்டேன். முப்பத்தொரு வருஷம் ஊரார் கேட்டுகளைத் திறந்த கை அது, எந்தத் தாழ்ப்பாள் அதை நிறுத்தும்? மூன்றாம் தடவை போலீஸ்காரர்தான் ஆற்றங்கரையிலிருந்து கூட்டிவந்தார். முழங்கால்வரை ஈரம். அடுத்த வியாழக்கிழமை முதியோர் இல்லத்தின் வண்டி வந்தது. லொரீன் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். "ரொம்ப நன்றிம்மா" என்று ஏறிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து லொரீன் என் கதவைத் தட்டினாள்.

"அந்தத் தூண எடுத்துரு ராய்ஸ். பாத்திரம் கழுவ நின்னா அதுதான் தெரியுது."

பெரிய சம்மட்டியால் மூன்று நாள் அடித்தேன். கை வீங்கியதுதான் மிச்சம். அதில் ஒரு விரிசல்கூட விழவில்லை. என் பேர் இன்னும் தெளிவாகப் படிக்கிற மாதிரி இருக்கிறது.