எம்.எல்.ஏ. சட்டசபையில் பேசினார்

எங்கள் முகாமில் யாருக்கும் ஓட்டுக் கிடையாது. இலங்கையிலிருந்து வந்த அகதிகளுக்கு எதற்கு ஓட்டு? தேர்தல் வந்தால் புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் ஸ்பீக்கர் அலறும். எங்கள் வாசலைக் கண்டதும் பிரசார வண்டி வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடும். அந்த மட்டில் எங்கள் காது பிழைத்தது.

ஆனால் ஜீப் சத்தம் கேட்டாலே நான் அம்மாவிடம் ஓடுவேன். காரணம் மாமா, அம்மாவின் தம்பி. அம்மா சிறுமியாக வந்து இங்கேயே வளர்ந்தவள். ஊரிலேயே தங்கிவிட்ட மாமா, சண்டை முற்றியபோது தோணியில் வந்திறங்கி, எங்கும் பெயரைப் பதியாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்படி வந்தவர் பிடிபட்டால் சிறப்பு முகாமில் பூட்டிவிடுவார்கள். எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. கணக்கெடுக்க அதிகாரிகள் வரும் நாளில் மாமா பின்னாலிருந்த தைலமரக் காட்டுக்குள் போய்விடுவார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, காட்டுப் பக்கம் திரும்பாமல் நிற்பேன். பார்வையாலேயே காட்டிக் கொடுத்துவிடுவேனோ என்று பயம்.

ஒரு பெருமழைக்குப் பிறகு, பிய்ந்த கூரைகளைப் பார்க்க எம்.எல்.ஏ. வந்தார். கூட வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, எங்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தார்.

"உசுருக்குத் தப்பிச்சு வந்தவுகளப் பூட்டி வைக்கிறது என்னம்மா நியாயம்? சட்டசபையில பேசுறேன். கட்டாயம் பேசுறேன்."

அவர் அடுத்த வீட்டுக்குப் போனதும், மாமா ஒளிந்திருந்த அடுப்படியில் அம்மாவும் அப்பாவும் அந்த வார்த்தையை, வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பதுபோல் ஒடித்துப் பார்த்தார்கள்.

"குடிகாரன் பேச்சும் கட்சிக்காரன் பேச்சும் விடிஞ்சாப் போச்சு" என்றாள் அம்மா.

"நமக்குத்தான் ஓட்டே இல்லையே. நம்மகிட்டப் பொய் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகுது?" என்றார் அப்பா.

அம்மா தலையாட்டினாள். அப்பா ஓடிப்போய் எம்.எல்.ஏ.வைத் திரும்ப அழைத்து வந்து, மாமாவை அவர்முன் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். மாமாவின் தோளில் கைவைத்தபோது எம்.எல்.ஏ.வுக்குக் கண் கலங்கியது.

அவர் பொய் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் டிவி செய்தியில் வந்தார். "என் தொகுதி முகாமிலேயே ஒரு தம்பி அக்கா வீட்டில் இருக்கிறார். கணக்கெடுப்பு என்றால் தைலமரக் காட்டில் போய் ஒளிகிறார். அவர் என்ன குற்றவாளியா?" எங்கள் காட்டை டிவியில் சொல்லிவிட்டார்களே என்று நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. அம்மா எழுந்து மாமாவின் சட்டைகளைப் பையில் திணிக்கத் தொடங்கினாள்.

எங்கே போவது என்று முடிவாவதற்குள் ஜீப் வந்துவிட்டது. "அழாதேங்கோ அக்கா" என்று சொல்லிக்கொண்டே மாமா ஏறினார். பயத்தில் என் பாவாடை நனைந்துவிட்டது.

கேள்விப்பட்டு எம்.எல்.ஏ. பதறிக்கொண்டு வந்தார். "மறுபடி பேசுறேன் தங்கச்சி. விடமாட்டேன்" என்றார்.

அம்மா இரண்டு கைகளையும் கூப்பினாள். "வேண்டாங்கய்யா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், பேசாம இருங்க."

மாமாவுக்காகப் பேச இருக்கிற ஒரே ஆளை அம்மா இப்படி விரட்டுகிறாளே என்று எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. தலைகுனிந்து காருக்கு நடந்தவரின் பின்னால் ஓடினேன்.

"அம்மா சொல்றதக் கேக்காதீங்க. நீங்க பேசுங்க."

அவர் என் தலையைத் தடவி, சரி என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. சொன்ன சொல் தவறாதவர் அல்லவா.