பார்த்தால் ஏறும் பாதரசம்

எனக்கு ரத்தக்கொதிப்பு கிடையாது. யாராவது அளந்தால் மட்டும் உண்டு. இதைச் சொன்னால் இன்றும் வீட்டில் சிரிக்கிறார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில், தென்காசியில், யாரும் சிரிக்காத ஒரு மாதம் இருந்தது.

அப்போது நான் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஒரு டுடோரியலில் மூன்று வருஷமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பெயிலானவர்களைப் பாஸாக்குகிற இடம் அது. பல சமயம் அவர்கள் என்னைப் பெயிலாக்கினார்கள். ஆனி மாதக் கடைசியில் அரசுக் கல்லூரி ஒன்றிலிருந்து விரிவுரையாளர் வேலைக்கு உத்தரவு வந்தது. ஆடி முடிவதற்குள் சேர வேண்டும். சேரும்போது அரசு டாக்டர் கொடுத்த உடல் தகுதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை, பட்டியலில் எனக்கு அடுத்து இருந்த ஆளுக்குப் போய்விடும். அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அவன்மேல் எனக்குக் கடுங்கோபம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் கண், காது, மார்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியாக டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கி, பாதரசம் இறங்குவதைப் பார்த்தார். நூற்று அறுபத்தைந்து. கடையத்துப் பக்கத்து மனிதர் அவர். ஐம்பதைத் தாண்டியவர், பருத்த உடம்பு, வாயில் எப்போதும் வெற்றிலை.

"இந்த வயசுல என்ன வே இது? உப்பைக் குறைச்சுட்டு ஒரு வாரம் கழிச்சு வாரும், சார்வாள்," என்றார்.

ஒரு வாரம் உப்பில்லாமல் சாப்பிட்டேன். அந்த ஒரு வாரமும் வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை, நான் அப்படி எரிந்து விழுந்தேன். மறுபடி போனபோது நூற்று எழுபது.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்துக்கொண்டேன். எம்.எஸ்ஸி.யில் சொல்லிக்கொடுத்தது இதுதான்: எலெக்ட்ரான் எங்கே இருக்கிறது என்று அளந்து பார்க்கும்வரை, அது ஓரிடத்தில் இருக்கிறது என்றே சொல்லக் கூடாது. அளக்கும்போதுதான் அதற்கு இடம் என்று ஒன்று வாய்க்கிறது. அதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று கேட்பதே தப்பு. இதைச் சகிக்க முடியாதவர்கள் பழைய முறையில் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். ஒரு கரண்டி வெந்நீரில் தெர்மாமீட்டரை வைத்தால், தெர்மாமீட்டரே கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும், அளவு பிசகும். ஆனால் வெந்நீருக்கென்று ஒரு சூடு முன்பே இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை, அவ்வளவுதான் என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. மெட்ராஸில் போய்ப் படித்துவிட்டு வந்து கரண்டி, வெந்நீர் என்று பேச என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

ஆகவே என் ரத்த அழுத்தமும் அளக்கிறபோதுதான் உண்டாகிறது என்று மனைவியிடம் விளக்கினேன். அவள் ராயகிரிக்காரி. அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப, இப்ப உங்களுக்கு எவ்வளவு இருக்கு?"

"அளக்காதபோது எவ்வளவுன்னு கேக்கக் கூடாது."

"கேட்டா என்ன செய்யும்?"

"அந்தக் கேள்விக்கு அர்த்தம் இல்ல."

"டாக்டரக் கண்டா பயப்படுதிய. இதைச் சொல்ல இம்புட்டுப் படிக்கணுமா?"

விட்டிருக்கலாம். விடாமல், மூடிய பெட்டிக்குள் இருக்கும் பூனையைப் பற்றிச் சொன்னேன். திறந்து பார்க்கும்வரை அது உயிரோடு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது என்றேன்.

"ஏன், பூனைக்குத் தெரியாதா?" என்றாள்.

என் வகுப்பில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. காப்பி கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

அவளிடம் வைத்தியமும் இருந்தது. எங்கள் பக்கம் தலைவலி, பித்தம், புத்தி பேதலிப்பு, வீட்டுச் சண்டை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் போய் நிற்பது. உடம்பில் சூடு ஏறினால்தான் ரத்தம் கொதிக்கும், அருவியில் நின்றால் எல்லாம் அடங்கிவிடும் என்றாள். வேற்றூர்க்காரன் ஒருவன் கூட இருந்திருந்தால் தடுத்திருப்பான். நானோ, இவ்வளவு படித்தும், நியாயம்தானே என்று தலையாட்டினேன். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த நேரம். விடிந்ததும் ஐந்தருவிக்குப் போனோம். எண்ணெய் தேய்க்கிறவர் என்னைச் சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைந்து எடுத்தார். பிறகு ஒரு மணி நேரம் அருவிக்கு அடியில் நின்றேன். உதடு நீலம் பாரித்துவிட்டது.

"குளிர்ச்சி போறதுக்குள்ள டாக்டர்ட்ட போயிருவோம்," என்று அவசரப்படுத்தினாள். ஈரத் தலையோடு பஸ்ஸேறி, நடுங்கிக்கொண்டே ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தேன்.

நூற்று எண்பத்தைந்து.

டாக்டர் என் தலையைத் தொட்டுப் பார்த்தார். "எங்கன போயிட்டு வாரீரு?"

சொன்னேன். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். "குளிர்ல ரத்தக்குழாயெல்லாம் சுருங்கும் வே. ஏறத்தான் செய்யும். பௌதிகம் படிச்ச ஆளுக்கு இது தெரியாண்டாமா?"

எனக்கு அழுகை வந்தது. மறுநாள் மாலை வண்டி ஏறினால்தான் குறித்த நாளில் சேர முடியும். நான் தூங்கும்போது வந்து அளந்து சான்றிதழ் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"தூங்குத ஆளுக்கு எப்படி வே எழுதிக் கொடுக்க? வேலைல சேந்த பொறகு தூங்கும். நாளைக்கு வாரும்."

மறுநாள் போனபோது கூட்டம் கலைந்திருந்தது. பட்டையைக் கையில் எடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "என்னமோ முணுமுணுக்கீரே, என்னது?"

எலெக்ட்ரானையும் பூனையையும் சொன்னேன். அளக்கிறதுதான் அளவை உண்டாக்குகிறது என்றேன். டுடோரியலில் ஒருவனும் அப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை. இரண்டு தடவை குறுக்குக் கேள்வி கேட்டார், இரண்டும் நல்ல கேள்விகள். எனக்கு வந்த வேலையே மறந்துபோயிற்று.

"அப்பம் ஒண்ணு செய்வோம்," என்று சட்டைக் கையைச் சுருட்டினார். "நீரு எனக்கு அளந்து பாரும்."

எப்படி என்று அவரே சொல்லிக்கொடுத்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, பந்தை அமுக்கி, திருகாணியை மெள்ளத் திறந்து, துடிப்புச் சத்தம் எந்த இடத்தில் கேட்கத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். கேட்டது. தப்பாக இருக்குமோ என்று இரண்டாம் முறையும் பார்த்தேன். அதே இடம்.

"நூத்தித் தொண்ணூறு, டாக்டர்."

அவர் கொஞ்ச நேரம் பாதரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீரு பாத்ததுனால ஏறியிருக்கு. உம்ம சாஸ்திரப்படி அதானே வே?" என்றார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருஷத்தில் முதல் முறையாக ஒரு மனிதர் என் பாடத்தைப் புரிந்துகொண்டுவிட்டார். "அதேதான் டாக்டர். அளக்காதப்ப அப்படி ஒண்ணு இருக்குன்னே சொல்லக் கூடாது," என்றேன்.

அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடேயே பட்டையை என் கையில் கட்டி அளந்தார். நூற்று முப்பது. உடனே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அன்று மாலை நான் வண்டி ஏறினேன்.

கல்லூரியில் அளவைப் பற்றிய அந்தப் பாடத்தை அந்த வருஷம் பிரமாதமாக நடத்தினேன். டாக்டர் கதையையும் சேர்த்துச் சொன்னேன். வகுப்பே சிரித்தது.

சித்திரை விடுமுறையில் ஊருக்கு வந்தபோதுதான் மனைவி சொன்னாள். மாசி மாதம் ஒரு நாள் காலையில், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் சரிந்து விழுந்திருக்கிறார். தலையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். மறுநாள் போய்விட்டார். முகவரி தெரிந்தும் எனக்கு ஒருவரும் எழுதவில்லையே என்று முதலில் கத்தினேன். பிறகு துட்டி கேட்க டாக்டர் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

அவர் மனைவி என்னை அதற்கு முன் பார்த்ததில்லை. யாரென்று சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார். எனக்குப் பாய் விரித்துப் போட்டுவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார்.

"உங்களப் பத்திச் சொல்லியிருக்காக. ஊருக்கெல்லாம் பாப்பாக, தனக்குப் பாத்துக்கிட மாட்டாக. நான் நச்சரிச்சா, 'சார்வாள் பாத்தாரு, பெரிய படிப்புப் படிச்சவரு, பயப்பட ஒண்ணுமில்லைன்னுட்டாரு' அப்படின்னு சொல்லிச் சிரிப்பாக. நானும் நம்பிட்டேன். அன்னைக்கு எவ்வளவு இருந்துது தம்பி?"

"எனக்கு அதெல்லாம் சரியாப் பாக்கத் தெரியாதும்மா," என்றேன்.

சரியாகத்தான் பார்த்தேன், இரண்டு முறை பார்த்தேன். நூற்றுத் தொண்ணூறு. நான் பட்டையைக் கட்டுவதற்கு முன்பும் அவ்வளவுதான்.