கட்டிலைச் சுற்றி மீன்கள்

என் நாத்தனார் எதையும் கண்ணை முழுதாகத் திறந்து பார்க்க மாட்டாள். இமையைப் பாதி இறக்கி, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, தூக்கம் வந்தவள் போலத்தான் பார்ப்பாள். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது. என்னையும் முதலில் அப்படித்தான் பார்த்தாள். என்னிடம் ஏதோ குறை கண்டுவிட்டாள் என்று பயந்து, நான் சமையலறைக்குள் போய்விட்டேன். பிறகொரு நாள் அவளே காரணம் சொன்னாள். அப்படிப் பார்த்தால் சின்னச் சின்ன விஷயமெல்லாம் கரைந்துபோகுமாம், பெரியது மட்டும் நிற்குமாம். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், அவளுக்கு அரைக்கண் என்று பேர் வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது.

வடிவமைப்புப் படித்துவிட்டு ஓர் அச்சகத்தில் சேர்ந்தாள். மருந்து டப்பா, பிஸ்கட் உறை, புத்தக அட்டை என்று வேலை வரும். அச்சடித்த மாதிரித் தாளைக் கொண்டுவந்து சமையலறைக் கதவில் ஒட்டிவிடுவாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே நாளெல்லாம் அதைப் பார்ப்பேன். என் கண் முதலில் எங்கே போயிற்று என்று சாயங்காலம் கேட்பாள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், என்ன பதில் சொல்வது? ஈர விரலால் தொட்டுக் காட்டுவேன். மறுநாள் கதவில் வேறு தாள் இருக்கும்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தது. தாய்மாருக்குக் கொடுக்கும் வழிகாட்டி அட்டை, காத்திருக்கும் கூடத்தில் எண் ஓடுகிற திரை, கட்டிலைச் சுற்றியும் நடைவழியிலும் வரவேற்பறையிலும் தொங்கும் திரைச்சீலை எல்லாம் ஒருவர் கையாலேயே வரவேண்டும் என்று ஆள் தேடினார்கள். இவள் ஒப்புக்கொண்டு, அச்சக வேலையையும் விட்டுவிட்டு வந்து நின்றாள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்றார் என் வீட்டுக்காரர். அச்சக முதலாளி நல்ல மனிதர். புதுக் கட்டடம் திறக்கும்வரை அவள் இடத்துக்கு வேறு ஆள் போடுவதில்லை, வேலை சரிப்படாவிட்டால் வந்து உட்காரட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று துணி மடிக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"திரும்பிப் போனா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார், அண்ணி. அதான் கஷ்டம்."

நேற்றுவரை தாய் வயிற்றுத் தண்ணீரில் இருந்தவைதானே இந்தக் குழந்தைகள் என்று சொல்லி, மீனை வரைந்தாள். செதிலில்லாத சின்ன மீன், வளைந்த இலை மாதிரி. அதற்குப் பிறகு எங்கள் வீடே தண்ணீருக்குள் போய்விட்டது. அவள் அறைக்குள் நுழைந்தால் சுவரெல்லாம் இளநீலம். ஜன்னல் வெளிச்சம் தாள்களின் மேல் அசையும்போது மீன்களும் அசைகிற மாதிரி இருக்கும். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கு வந்தேன் என்பதே மறந்து நான் நின்றிருக்கிறேன். அட்டையில் மீன்கள் பக்கம் புரளும் திசைக்கு நீந்தின. திரையில் எண் மாறும்போதெல்லாம் ஒரு மீன் மெல்லக் குறுக்கே போயிற்று. திரைச்சீலைக்கு ஒரு பெருங்கூட்டம், எல்லாம் ஒரே பக்கமாக. துணி ஆலையிலிருந்து மீன் அச்சடித்த மாதிரித் துண்டு வந்தபோது அதை மேசையில் விரித்து, கையால் நீவி நீவிப் பார்த்தாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் தலைமை நர்ஸிடமிருந்து போன் வந்தது. மீனெல்லாம் வாலை ஊன்றி நிற்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள்.

துணையாக என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பழைய கட்டடத்திலிருந்து தாய்மார் சிலரை முன்னதாகவே புது வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். திரைச்சீலைகள் தொங்கின. ஒவ்வொரு மீனும் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு கூரையைப் பார்த்து நின்றது.

என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. துணி நல்ல அகலம். நடுவில் ஒட்டுத் தையல் விழாமல் இருக்க, தையற்காரர்கள் அதைப் பக்கவாட்டில் திருப்பித்தான் வெட்டுவார்களாம். அவர்களுக்கு அது தினசரி வழக்கம். இவள் தாளிலேயே பழகியவள். தாளுக்கு மேல், கீழ் உண்டு. கணினியில் தன் எதிரே தெரிந்த மேல்பக்கமே துணிக்கும் மேல்பக்கம் என்று இருந்துவிட்டாள். துணி எந்தப் பக்கமாகத் தொங்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. ஆலைக்காரர்களும் சொல்லவில்லை.

நிர்வாகி வந்துகொண்டிருக்கிறார், எல்லாவற்றையும் கழற்றி வேறு ஆளிடம் வேலையைக் கொடுத்துவிடுவார் என்று நர்ஸ் வருத்தமாகச் சொன்னார்கள். இவள் திரைச்சீலையின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள். நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி, குழந்தையை அணைத்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எதைக் கழற்றப் போகிறீர்கள் என்று கேட்டாள். மீன் கோணலாக இருக்கிறதே, அதைத்தான் என்றார்கள் நர்ஸ்.

"எங்க கோணல்? காலைலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன், அதுபாட்டுக்கு நேராத்தான் போவுது."

நாங்கள் மூவரும் அவளைப் பார்த்தோம். என் நாத்தனார் மெல்ல மண்டியிட்டு, அந்தக் கட்டிலின் ஓரத்தில் கன்னத்தை வைத்துப் படுத்த மாதிரி பார்த்தாள். பிறகு எழுந்து, காலியாக இருந்த அடுத்த கட்டிலில் ஏறி ஒருக்களித்துப் படுத்துவிட்டாள்.

"ஏம்மா, அது பேஷண்ட் கட்டில்" என்றார்கள் நர்ஸ்.

அவள் காதில் விழவில்லை. இடப்பக்கம் கொஞ்ச நேரம், புரண்டு வலப்பக்கம் கொஞ்ச நேரம். முகம் குழந்தையுடையது போல ஆகிவிட்டது. நின்று பார்ப்பவர்களுக்குத்தான் மீன் செங்குத்து. தலையணையில் கன்னம் வைத்தவளுக்கு அது நேராக, அமைதியாக நீந்திக்கொண்டிருந்தது.

நிர்வாகி வந்தார். ஒரு பார்வை பார்த்தார், முகம் சுருங்கியது. என் நாத்தனார் கட்டிலிலிருந்து இறங்கி, நடந்தது முழுவதையும் மறைக்காமல் சொன்னாள். தப்பு தன்னுடையதுதான், ஆனால் ஒரு தரம் படுத்துப் பாருங்கள் என்றாள்.

"நான் எதுக்கு படுக்கணும்? எனக்கென்ன பிரசவமா?"

கட்டிலில் இருந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் குழந்தையை எழுப்பிவிட்டாள். கடைசியில் அவருக்குப் பதிலாக நர்ஸ் படுத்தார்கள். கால் செருப்போடு கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். என்ன என்று நிர்வாகி இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

"கொஞ்சம் இருங்க சார். விடிஞ்சதுலேருந்து இப்பத்தான் முதுகு மெத்தைல படுது."

அப்புறம் எழுந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, இது இருக்கட்டும், இங்கே பார்க்கிறவர்கள் படுத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்றார்கள். நிர்வாகி கழுத்தைச் சாய்த்து, இன்னும் சாய்த்து, சுவரில் முட்டப் போகிற வரைக்கும் சாய்த்துப் பார்த்தார். கட்டிலைச் சுற்றி இருப்பவை அப்படியே இருக்கட்டும், நடைவழியிலும் வரவேற்பறையிலும் தொங்குபவற்றை மாற்ற வேண்டும், அங்கே யாரும் படுத்துக்கொண்டு போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும், இனி உன் வேலையைப் பார்க்கத் தலையணையோடுதான் வரவேண்டும் போலிருக்கிறது என்றார் அவள் அண்ணன். அந்த வாரமே அவள் அச்சகத்துக்குப் போய், தன் இடத்துக்கு வேறு ஆள் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாள். முதலாளி ஒன்றும் சொல்லவில்லையாம், ஒரு கோப்பை தேநீர் வாங்கிக் கொடுத்தாராம்.

இப்போது எங்கள் முன்னறைதான் அவளுக்கு வேலை செய்யும் இடம். நடைவழித் திரைச்சீலைகளைப் புதிதாக வரைந்து மாற்றியாகிவிட்டது. அச்சகத்துக்குப் புத்தக அட்டைகளை வீட்டிலிருந்தே செய்து அனுப்புகிறாள். துணி ஆலை குழந்தைகளுக்கான போர்வைகளுக்கு ஒரு வரிசைப் படங்கள் கேட்டிருக்கிறது. அது பாதிதான் முடிந்திருக்கிறது.