பறந்தவனின் குதிகால்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருந்த எனக்கு, யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் கால்தான் கண்ணில் படும். கல்யாணமான புதிதில் என் கணவர் வேலூருக்கு ஒரு டப்பிங் படத்துக்கு அழைத்துப்போனார். அவர் சிறுவயதில் காமிக்ஸில் படித்த கதை. பகலில் ஆபீஸ் போகிற ஒருவன், ஊருக்கு ஆபத்து வந்தால் முகமூடி மாட்டிக்கொண்டு பறப்பான்.

ஆபீஸ்காரனின் ஷூவில் குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது. முகமூடிக்காரன் பறக்கும்போது ஷூவின் அடிப்பாகம் திரை முழுக்கத் தெரிந்தது. அதில் தேய்ந்திருந்ததோ உள்பக்கம். ஷூவை மாற்றலாம், நடையை மாற்ற முடியுமா?

“இவன் அவன் இல்லீங்க. வேற எவனோ ஏமாத்துறான்.”

“இன்னா நீ, காமிக்ஸ்லயே அவன்தான் இவன். கம்முனு பாரு.”

கடைசியில் முகமூடியைக் கழற்றினான். அதே ஆபீஸ்காரன்.

“பாத்தியா? பறக்குறதுக்கு டூப்பு போட்டிருப்பாங்க,” என்று அவர் சிரித்தார்.

“மூஞ்சியக் காட்டிட்டா நம்பிடணுமா? செருப்பு பொய் சொல்லாதுங்க,” என்றேன் எரிச்சலோடு.

அவர் சிரிப்பு நின்றது. தினமும் வாசலிலேயே செருப்பை விடுகிறவர், அன்று வீட்டுக்கு வந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதுவரை அவர்மேல் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.