"இன்னும் மூணு" என்று சொன்னவர்

நோங் செங்ஃபுவுக்கு எங்கள் பளுதூக்கும் அணியில் இரண்டு வேலைகள். வருஷம் முழுக்கப் பெண்பிள்ளைகளின் தோளையும் முதுகையும் முழங்காலையும் பிடித்துவிடுவது ஒன்று. போட்டி நாளில் சீட்டு மேசையருகே நின்று எண்ணுவது மற்றொன்று. சம்பளம் முதல் வேலைக்குத்தான். மற்ற மாகாணக்காரர்கள் அவரைத் தெரிந்து வைத்திருந்தது இரண்டாவது வேலையால்.

இப்போது வார்ம்-அப் அறையில் திரை வைத்துவிட்டார்கள். அடுத்து யார், எத்தனை கிலோ என்று சுவரிலேயே ஓடுகிறது. தொண்ணூறுகளில் அது கிடையாது. மேசைமேல் ஆளுக்கொரு சீட்டு இருக்கும். அடுத்து எவ்வளவு தூக்கப்போகிறாள் என்று அதில் எழுதியிருக்கும். மேடையில் பாரின் எடை ஏறிக்கொண்டே போகும், இறங்காது. குறைவாக எழுதியவள் முதலில் போவாள். ஆனால் எந்தக் கோச்சும் எழுதியதோடு விடமாட்டான். ஓடி வந்து அடித்து, இரண்டு கிலோ கூட்டி எழுதுவான். உடனே வரிசை மாறிவிடும். நம் பெண்ணுக்கு முன்னால் இன்னும் எத்தனை தூக்கு என்று ஒவ்வொரு நிமிஷமும் சரியாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதை வைத்துத்தான் அவளை எப்போது உட்காரவைப்பது, எப்போது எழுப்பி உடம்பைச் சூடாக்குவது என்று கோச் முடிவு செய்வான். அதிகம் காத்திருந்தால் உடம்பு ஆறிவிடும். கூப்பிட்ட பிறகு மேடைக்குப் போய்த் தூக்க ஒரே நிமிஷம்தான்.

நோங் பதினாறு வருஷம் எண்ணினார். நான் பார்த்து ஒருமுறைகூடத் தவறியதில்லை. நான் வார்ம்-அப் அறையில் பாரில் தட்டு மாட்டும் ஆள். அவர் விரல்களைப் பார்த்துத்தான் என் வேலை நடக்கும்.

அவரும் தூக்கியவர்தான். எங்கள் கோச் லியாவும் அவரும் சிறுவயதில் ஒரே அறையில் படுத்து ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டவர்கள். நோங்கின் முழங்கால் இருபத்திரண்டு வயதில் போயிற்று. அவர் மலையிலிருந்த தன் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. அணியின் சமையல்கட்டில் காய் நறுக்கினார். பயிற்சி முடிந்து நொண்டிக்கொண்டு சாப்பிட வரும் பையன்களின் காலைப் பிடித்துவிட்டார். யாரும் உட்காரவைத்துக் கற்றுத்தரவில்லை. எது எங்கே பிடித்துக்கொள்கிறது என்று தன் காலிலேயே முதலில் பார்த்துக்கொண்டார். பிறகு அவருக்கென்று ஒரு கட்டிலும் ஒரு அறையும் ஒதுக்கினார்கள். எரிசாராய மருந்து வாடையும் பக்கத்துச் சாப்பாட்டுக் கூடத்துப் புளித்த மூங்கில்குருத்து வாடையும் சேர்ந்து அந்த அறையில் எப்போதும் இருக்கும்.

மெங் சாய்ஷியா பதின்மூன்று வயதில் அணிக்கு வந்தவள். அந்தத் தேசியப் போட்டி வருஷம் அவளுக்கு இருபத்தொன்று. அடுத்த தேசியப் போட்டி நாலு வருஷம் கழித்து. அதுவரை யாரும் அவளை வைத்துச் சோறு போடமாட்டார்கள், அவளுக்கே தெரியும். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் நகரத்துப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை வேலையும் நகரத்திலேயே குடியிருக்க அரசுப் பதிவும் உறுதி. நாலாவது வந்தால் கை குலுக்கி வழியனுப்புவார்கள். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டே எல்லோரும் பேசுவதுதான்.

வசந்தகாலத்தில் அவளுடைய இடது முழங்கை கெட்டது. நோங் கட்டிலில் அவள் கையை நீட்டிவைத்து, மேல்கையைப் பிடித்துக்கொண்டு முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் அசைத்துப் பார்த்தார். அப்போது அவர் முகத்தை நான் பார்த்தேன். அணிப் பெண்கள் எல்லோருக்கும் அவர் சித்தப்பாதான்.

"என்ன சித்தப்பா, பொணத்தைப் பார்த்த மாதிரி பாக்குறீங்க?"

"உள்பக்க நரம்பு தளர்ந்துபோச்சும்மா. கதவுல கீல் ஆடுற மாதிரி ஆடுது."

"ஆடுனா என்ன, கதவு திறக்குதுல்ல?"

"ஒரு நாள் கையோட வந்துரும்."

"போட்டி இலையுதிர்காலத்துல. அதுவரைக்கும் கையை வரச்சொல்லாதீங்க. அப்புறம் நீங்களே வச்சுக்கோங்க."

அவள் சிரித்தாள். நோங் சிரிக்கவில்லை. அன்றே லியாவிடம் போனார்.

"லியாவ், அந்தப் புள்ளைய நிறுத்துடா."

"நீ போய் அவகிட்ட சொல்லு. நான் சொன்னா என்னைய அடிப்பா."

"கோச் நீயா, அவளா?"

"கோச் நான்தான். வேலை வேணுங்கிறது அவ. நிறுத்திட்டேன்னு வை, எட்டு வருஷத்துக்கு நீ பதில் சொல்லுவியா? வா, வந்து அவங்க அம்மாகிட்ட சொல்லு."

லியாவ் கெட்டவன் கிடையாது. மருத்துவமனைக்கு அவளை அவனே கூட்டிக்கொண்டு போனான். அங்கேயும் இதைத்தான் சொன்னார்கள், படத்தோடு. ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். ஓய்வுக்கு எங்கே நேரம்? பயிற்சியைக் குறைத்தார்கள். நோங் காலையிலும் மாலையிலும் அந்தக் கையைப் பிடித்துவிட்டார். கோடை முழுக்க அது தாங்கியது.

போட்டி வேறொரு மாகாணத்து நகரத்தில். முதல் பகுதி முடிந்து, பாரைத் தோளில் ஏற்றிப் பிறகு தலைக்கு மேலே தள்ளும் பகுதி ஆரம்பித்தது. ஆளுக்கு மூன்று தூக்கு; இரண்டு பகுதியையும் கூட்டித்தான் இடம். சாய்ஷியா முதல் தூக்கை முடித்தாள். நாலாவது இடம். இரண்டாவது தூக்கில் பார் தலைக்கு மேல் போய்ப் பின்னால் விழுந்தது. இறங்கி வந்தவள் இடது கையை வயிற்றோடு ஒட்டிவைத்திருந்தாள். நோங் மேசையை விட்டு ஓடி வந்து கையைத் தொட்டார். தொட்டதும் எடுத்துவிட்டார்.

"எப்படி இருக்கு?" லியாவ் கேட்டான்.

"இன்னொரு தூக்கு தாங்காது."

"சித்தப்பா, சும்மா இருங்க," என்றாள் சாய்ஷியா. "கோச், மூணாவது இடத்துக்கு எவ்வளவு போடணுமோ போடுங்க."

லியாவ் அவளைப் பார்த்தான், நோங்கைப் பார்த்தான். பிறகு மேசைக்குப் போய் எழுதினான். அவள் தூக்கினால் மூன்றாம் இடம். அவளை நாற்காலியில் உட்காரவைத்துப் போர்வை போர்த்தினோம்.

"எத்தனை?" லியாவ் கேட்டான்.

"மூணு," என்றார் நோங். அது உண்மை. வடக்கத்திப் பெண் ஒருத்திக்கு ஒரு தூக்கு, ராணுவ அணிப் பெண்ணுக்கு இரண்டு. லியாவ் கணக்குப் போட்டான். ஒன்று முடிந்ததும் எழுப்பி, கையைத் தேய்த்துச் சூடாக்கி, லேசான பாரில் ஒரு இழுப்பு. பிறகு மேடை. எட்டு வருஷமாக அப்படித்தான்.

வடக்கத்திப் பெண் மேடைக்குப் போனாள். அந்த நேரத்தில்தான் ராணுவ அணியின் கோச் மேசைக்கு வந்தான். அவனுடைய பெண் முதல் பகுதியிலேயே வெகுவாக முந்தியிருந்ததால் தங்கம் உறுதியாகிவிட்டது, இடுப்பும் பிடித்திருந்தது. மீதி இரண்டு தூக்கும் வேண்டாம் என்று சீட்டில் கோடு போட்டான். நோங் பக்கத்திலேயே நின்றிருந்தார். அடுத்த பெயர் சாய்ஷியா.

வடக்கத்திப் பெண்ணின் பார் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"எத்தனை?" லியாவ் சத்தம் போட்டுக் கேட்டான்.

நோங் திரும்பினார். விரல்களைக் காட்டினார். வாயாலும் சொன்னார். "இன்னும் மூணு. எழுதி மாத்துறாங்க. உக்காரட்டும்."

நான் பாரில் மாட்ட எடுத்த தட்டைத் திரும்பக் கீழே வைத்தேன். லியாவ் போர்வையை இழுத்து அவள் தோளை மூடினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.

ஒலிபெருக்கியில் அவள் பெயர் வந்தது.

அந்த ஒரு நிமிஷத்தை நோங் எப்படி நினைத்திருந்தார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நேரம் போய்விடும், மணி அடித்துவிடும், தூக்காமலே தூக்கு போய்விடும். நாலாவது இடம், ஆனால் முழுக் கை. லியாவ் திட்டுவான், அவள் அழுவாள், முடிந்தது. பதினாறு வருஷமாகப் பிசகாத எண்ணிக்கைக்கு ஒரே ஒரு பிசகு. யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

சாய்ஷியா பிசகுக்குக் காத்திருக்கவில்லை. போர்வையை உதறினாள். "யோவ், என் பேருய்யா!" என்று கத்திக்கொண்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். கையில் சாக்பொடிகூடச் சரியாகத் தடவவில்லை. லியாவ் பின்னாலேயே, "மெதுவா! மூச்சு விடு!" என்று கத்தியபடி ஓடினான். நான் மேடைத் திரைச்சீலை ஓரத்தில் நின்றேன். நேரம் முடியப்போகிறபோது பாரைத் தரையிலிருந்து எடுத்தாள். தோளுக்கு ஏறியது. எழுந்து நின்றாள். தள்ளினாள்.

மேலே போயிற்று. கைகள் நேராயின, ஒரு கணம். பிறகு இடது முழங்கை போகக்கூடாத பக்கம் போயிற்று.

அந்தச் சத்தத்தைப் பற்றி எழுதவேண்டியதில்லை. கூட்டம் எழுந்து நின்றது. நோங் வரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

ஊருக்குத் திரும்பியதும் விசாரணை நடந்தது. எண்ணிக்கை தப்பியது எப்படி என்று விளையாட்டுத் துறை அதிகாரி கேட்டார். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மேசைக்காரன் எண்ணலாம், பதில் சொல்வது கோச். லியாவ் எழுந்து, "என் தப்புங்க. நான்தான் ரெண்டு முறை சரிபார்க்கலை," என்றான். வெளியே வந்து நோங்கின் தோளில் தட்டினான்.

"விடுடா. பதினாறு வருஷத்துல ஒண்ணு. எனக்கு மாசத்துக்கு ஒண்ணு வருது."

லியாவை மலைப்பக்கத்து மாவட்டப் பள்ளிக்கு மாற்றினார்கள். அவன் மனைவி நகரத்திலேயே இருந்துவிட்டாள். நோங் அவன் மூட்டையைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தார்.

சாய்ஷியாவின் கடைசித் தூக்கு கணக்கில் சேரவில்லை, நாலாவது இடம்தான். கையை அறுத்துத் தைத்தார்கள். எலும்பு கூடியது, மூட்டு கூடவில்லை. கை பாதி மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது. அவள் அக்கா பேருந்து நிலையத்துக்கு எதிரே அரிசி நூடுல்ஸ் கடை வைத்திருந்தாள். சாய்ஷியா அங்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

குளிர்காலத்தில் நோங் என்னை அழைத்தார். "பான், என்கூட ஒரு இடத்துக்கு வா. தனியாப் போனா பாதி வழியில திரும்பிருவேன்." பேருந்தில்தான் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடையில் மதியக் கூட்டம் வடிந்திருந்தது. சாய்ஷியா வலது கையால் மேசை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அட, சித்தப்பா! பான் அண்ணனும்! உக்காருங்க. பன்றி எலும்பு ரசம் இருக்கு. காரம் போடவா?"

நோங் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். ராணுவ அணிக்காரன் கோடு போட்டதைப் பார்த்ததும், தெரிந்தே மூணு என்று சொன்னதும், எதற்காகச் சொன்னார் என்பதும். நீட்டி முழக்கவில்லை.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. அந்த மேசையை முடித்து அடுத்த மேசைக்குப் போனாள்.

"சூடா இருந்திருந்தா தூக்கியிருப்பேனா?"

"தெரியலைம்மா."

"உங்களுக்குத் தெரியும். எங்க எல்லார் உடம்பையும் எங்களைவிட உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

"பாரு நேராத்தான் போச்சு. சூடா இருந்திருந்தா நின்னிருக்கலாம். அப்பவும் உடைஞ்சிருக்கலாம். சத்தியமாத் தெரியலை."

"நான் ஒத்துக்கிட்டு உடைச்சிருந்தா அது என் கை. இப்ப யாரு உடைச்சதுன்னே எனக்குத் தெரியாது. இத்தனை மாசமா என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன், ஆறிப்போன உடம்போட ஓடினேனேன்னு." துணியை மேசைமேல் வீசினாள். "காப்பாத்துறேன்னு நெனைச்சீங்களோ? என்னை உக்காரவச்சுப் போர்த்திட்டு? நான் என்ன கோழிக்குஞ்சா?"

அக்கா சமையல் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். சாய்ஷியா கையைக் காட்டி உள்ளே போகச் சொன்னாள்.

"லியாவ் கோச்சுக்குத் தெரியுமா?"

"இல்லை."

"அவரை மலைக்கு அனுப்பிட்டு இங்க வந்து நிக்கிறீங்க. போங்க. முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க."

போனோம். லியாவ் பள்ளி முற்றத்தில் சின்னப் பையன்களுக்கு மூங்கில் கழியை வைத்து எப்படி எழுவது என்று காட்டிக்கொண்டிருந்தான். நோங் சொன்னதைக் கேட்டுவிட்டு கழியைக் கையில் உருட்டினான். "நீ எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா, சேர்ந்தே பொய் சொல்லியிருப்போமே. ஏதாவது வழி பண்ணியிருப்பேனே," என்றான். பிறகு பையன்களிடம் போய்விட்டான். திரும்பி வரவில்லை.

நோங் துறை அதிகாரியிடமும் போய்ச் சொன்னார். அவர் கதவைச் சாத்தினார். விஷயம் முடிந்துவிட்டது, முடிந்ததைத் திறந்தால் அணிக்கே கெட்ட பெயர், போய்ப் பிள்ளைகளின் காலைப் பாருங்கள் என்றார். ஆக, தண்டனை என்று ஒன்றும் வரவில்லை. நோங் தானாகவே மேசைக்குப் போவதை விட்டார். அடுத்த போட்டியிலிருந்து நான் எண்ணினேன். அவர் அளவுக்கு எனக்கு வரவில்லை.

சாய்ஷியாவிடம் அவர் மறுபடி போனபோது அவள் ரசம் தரவில்லை. காலியான மேசையில் இடது கையை வைத்தாள்.

"தலை பின்ன முடியலை. அக்காதான் பின்னி விடுறா. அந்த அளவுக்காவது வருமான்னு பாருங்க, டாக்டர்."

சித்தப்பா என்று அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை. விடுமுறை நாள் ஒவ்வொன்றுக்கும் அவர் மருந்துப் புட்டியோடு பேருந்து ஏறினார். ஓய்வு பெறும்வரை போனார். சில நாள் கடையில் ஆள் நின்றால் அவள் கையைக் கொடுக்கமாட்டாள். அவர் வாசலில் காத்திருந்துவிட்டுத் திரும்புவார். அந்த மூட்டு கொஞ்சம் இளகியது, பிறகு நின்றுவிட்டது. விரல் காது வரைக்கும் எட்டியது. பின்னந்தலைக்கு எட்டவில்லை. ஒரு கோடையில் நான் கடைக்குப் போனபோது சாய்ஷியா தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டிருந்தாள்.